பொது ஃபோல்டரில் கிடந்த அசதி

ஒரு கேட்டும் ஒரு கிணறும் ஒரு மோட்டாரும் ஒரு வைஃபையுமாக ஆறு வீடுகள் ஒட்டிக் கிடந்த பாளையங்கோட்டை வளவு ஒன்றில், மூன்றாவது வீட்டு ஆவுடைச்செல்வி தன் வீட்டிலிருந்த மூன்று கம்ப்யூட்டர்களையும் ஒன்றோடொன்று இணைத்தது ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அவளுடைய அசதி அவற்றுக்கு நடுவே வந்து உட்கார்ந்தது மறுநாள் புதன்கிழமை. இடையில் விசேஷமாக ஒன்றும் நடக்கவில்லை. மழை பெய்யவில்லை, நாய் ஊளையிடவில்லை, கரண்டுகூடப் போகவில்லை.

மூன்றில் ஒன்று அவளுடையது, அடுக்களைக்கும் முன்னறையான பட்டாசாலைக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இருந்தது, பதினான்கு வருஷமாக அதில்தான் அவள் பதினோரு பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். இன்னொன்று அவள் கணவர் கைலாசத்தின் லேப்டாப், அவர் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர், வீட்டுக்கு வந்ததும் அதைத் திறந்து வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம். மூன்றாவது, மாடி அறையில் இருந்துகொண்டு காலேஜில் கடைசி வருஷம் படிக்கிற மகள் ஹரிணியுடையது. ஆனால் ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திரம், ஹரிணியின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டு, பதினோரு வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்த மாமியாரின் இறப்புச் சான்றிதழ் என்று அந்த வீட்டில் ஸ்கேன் ஆன எல்லாமே செல்வியின் கம்ப்யூட்டரில்தான் இருந்தன, ஆகையால் யாருக்கு எது வேண்டுமென்றாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள், கூப்பிட்டதும் அவள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, பென்டிரைவைத் தேடி, அதில் ஏற்றி, பட்டாசாலைக்கோ மாடிக்கோ கொண்டுபோய்க் கொடுத்து, திரும்பி வருவதற்குள் அடுத்த குரல் வந்துவிடும். அந்தப் பென்டிரைவ் மாதிரி நடந்த பொருள் அந்த வீட்டில் வேறில்லை. தூக்கிக்கொண்டு நடந்தவள் செல்வி.

அதனால்தான் அவள் ஃபைல் ஷேரிங் போடத் துணிந்தாள். மூன்று வீடியோ பார்த்தாள், மூன்றிலும் பேசிய ஆட்கள் இது ரொம்ப சுலபம் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள், அவர்கள் வீட்டில் சாம்பார் யார் வைத்தார்களோ தெரியவில்லை. இவள் உலை கொதிப்பதற்குள் மூன்று கம்ப்யூட்டருக்கும் ஒரே குழுப்பெயர் வைத்தாள், சோறு வடிப்பதற்குள் ஒன்றை மற்றொன்று பார்க்கும்படி செய்தாள், ரசம் நுரைகட்டும் நேரத்தில் ஒரு ஃபோல்டரை உண்டாக்கி அதற்குப் ‘பொது’ என்று பெயர் வைத்து ரைட் கிளிக் கொடுத்தாள். யாருக்கெல்லாம் பங்கு என்று கேட்டது. புருஷனுக்கு ஒரு கணக்கு, மகளுக்கு ஒரு கணக்கு, ஆளுக்கொரு பாஸ்வேர்டு என்று தனித்தனியாகத் திறந்து கொடுத்திருக்க வேண்டும், வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள், ஆனால் அதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது, பட்டியலின் தலையிலேயே ‘எவ்ரிஒன்’ என்று ஒன்று இருந்தது, எல்லாரும்தானே, எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அதைத் தட்டினாள். பார்க்க மட்டுமா, எடுக்கவும் போடவும் மாற்றவும் சேர்த்தா என்றது. எல்லாமே என்றாள். பாஸ்வேர்டு வேண்டுமா என்றது. வேண்டாம் என்றாள்.

“வந்துட்டா?” என்று அடுக்களையிலிருந்து கேட்டாள்.

“என்னது?”

“பொதுன்னு ஒரு ஃபோல்டரு.”

“ஆமா, வந்துட்டு” என்றார் கைலாசம், தலையை நிமிர்த்தாமல்.

செல்விக்குச் சந்தோஷமாக இருந்தது. இனி நம்மை யாரும் கூப்பிடமாட்டார்கள் என்று அவள் உண்மையாகவே நம்பினாள். அவள் மறந்துபோனது ஒன்றுதான்: கேபிள் வருகிற கம்பம் அவள் வீட்டுச் சுவரை ஒட்டி இருந்ததால் இணைப்பு அவள் பெயரில் வந்ததே தவிர, அந்த வைஃபையில்தான் ஆறு வீடும் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே எல்லாரும் என்றால் வளவு முழுக்க எல்லாரும்.

புதன்கிழமை காலையில் கேள்வித்தாள் எடுக்கத் திறந்தபோது பொது ஃபோல்டரில் அவள் போடாத ஒரு ஃபைல் இருந்தது. வெள்ளைக் காகிதப் படம், கீழே ‘அசதி’ என்று பெயர், அளவு முப்பத்தெட்டு ஜிபி. உண்டான தேதியைப் பார்த்தாள். அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த ஆவணி மாதம், அப்போது வீட்டில் டிவிகூடக் கிடையாது. கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால், அவள் தோசைக்கல்லை இறக்கிவைத்த நேரம். திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அழித்துப் பார்த்தாள். இந்த ஃபைல் இப்போது பயன்பாட்டில் இருக்கிறது, அழிக்க முடியாது என்று வந்தது. அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டாள்.

“ஏட்டி, இது என்ன, இத்தந்தண்டி பெருசாக் கெடக்கு?” என்று பட்டாசாலையிலிருந்து கைலாசம் கேட்டார்.

“என்னுதுதான்.”

“அப்படியா” என்று சொல்லிவிட்டு அவர் டீயைக் குடித்தார்.

வளவில் அதை முதலில் தொட்டவர் இரண்டாவது வீட்டு எஸ்தர் டீச்சர். நல்ல மனசு, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து எடுத்துத் தொண்டை போனவர். செல்வியின் அசதி இவ்வளவு பெரிதாகக் கிடப்பதைத் தன் கம்ப்யூட்டரில் கண்டு மனசு கேட்காமல், கொஞ்ச நாளைக்கு நாம் வாங்கிவைத்துக்கொள்வோமே என்று எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார். ஆனால் வாழ்நாளெல்லாம் காப்பி அடிக்கிற பிள்ளைகளைப் பிடித்த டீச்சர், கட் பண்ணாமல் காப்பி பண்ணிவிட்டார். இரண்டு நாள் எழுந்திருக்க முடியவில்லை. திருத்தவேண்டிய தாள் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“செல்வி, ஒன் அசதி எங்கிட்ட வந்துட்டும்மா. ஒனக்குக் கொஞ்சமாவது கொறஞ்சிருக்கா?”

“இல்லியே டீச்சர். அப்படியேதான் இருக்கு.”

“அப்போ நான் எதுக்குச் சொமந்தேன்?”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் தெம்பில்லை. டீச்சர் வீட்டுக்குப் போய் அந்தக் காப்பியை அழித்துப் பார்த்தார், அழியவில்லை. கட் பண்ணிப் பொது ஃபோல்டரிலேயே திரும்பப் போட்டார், போன உயிர் வந்தது. வந்த சூட்டில் தன் கம்ப்யூட்டரைத் துழாவிப் பார்த்தால் அவருக்கும் ஒரு அசதி இருந்தது, தேடினால் யாருக்குத்தான் இல்லை, இருபத்தாறு ஜிபி, சிவப்பு மையும் சாக்பீஸ் தூளுமாக. அதையும் கட் பண்ணிப் போட்டார். அன்று சாயங்காலம் எஸ்தர் டீச்சர் கிணற்றடியில் பாட்டுப் பாடிக்கொண்டு துணி துவைத்ததை ஆறு வீடும் எட்டிப் பார்த்தது.

அதற்கப்புறம் சொல்லவா வேண்டும். துணிக்கடையில் பத்து மணி நேரம் உட்காராமல் நின்று சேலை விரித்துக் காட்டுகிற ஐந்தாவது வீட்டு மீரான், தன் முழங்காலிலிருந்த பதினேழு வருஷத்தைப் போனிலிருந்து தள்ளிவிட்டுப் பள்ளிவாசலுக்கு நடந்தே போய்வந்தார். கடைசி வீட்டு டவுன் பஸ் கண்டக்டர் போட்டார். முதல் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிற அம்மாளும் மருமகளும் தனித்தனியாகப் போட்டார்கள், ஒன்றாகப் போட்டால் யாருடையது பெரிது என்று சண்டை வரும். ஒரு மாதத்துக்குள் அதற்கென்று நடைமுறைகள் வந்துவிட்டன: விளக்கு வைத்தபிறகு போடவேண்டும், வெள்ளிக்கிழமை போடக்கூடாது, அடுத்தவர் ஃபைலைத் திறந்து படிக்கக்கூடாது, விருந்தாளிகளுடையதைச் சேர்க்கக்கூடாது. கண்டக்டரின் மச்சான் தென்காசியிலிருந்து வந்து தன்னுடையதைப் போடப் பார்த்தபோது பெரிய வாக்குவாதமாகி, கேட்டைப் பூட்டுகிற அளவுக்குப் போனது. எப்படி வந்தது, எதனால் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கிணற்றில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யார் கேட்டார்கள்?

அந்த வளவில் பொது என்பதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. கேட்டு பல்பு பொது, வாறுகால் பொது, மாடிப்படி பொது. அதாவது யாரோ பார்த்துக்கொள்வார்கள். மோட்டாருக்கு மட்டும் ஒரு பெரிய சண்டைக்குப் பிறகு, எந்த நாள் எந்த வீடு போடவேண்டும் என்று முறை எழுதித் தகரப் பலகை மாட்டியிருந்தார்கள். மற்றதையெல்லாம் அந்த யாரோ பார்த்துக்கொண்டார்கள். வாறுகாலில் அடைப்பெடுப்பதும் பல்பு மாற்றச் சொல்வதும் செல்விதான் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாராவது கேட்டால் அது பாட்டுக்கு நடக்கிறது என்பார்கள். பொது ஃபோல்டரையும் அப்படித்தான் நினைத்தார்கள். அது காற்றில் இருக்கிறது, வைஃபையில் இருக்கிறது, போட்டால் மேலே போய்விடுகிறது என்று நினைத்தார்கள்.

அது செல்வியின் கம்ப்யூட்டரில் இருந்தது. ஷேர் பண்ணின ஃபோல்டர் ஊரெல்லாம் தெரியும், ஆனால் கிடப்பது ஓர் இடத்தில்தான்.

புரட்டாசியில் அவளுக்கு முழங்கால் வலித்தது. அது தன் வலி இல்லை, பத்து மணி நேரம் நின்ற ஆளின் வலி என்று அவளுக்குத் தெரிந்தது. ஐப்பசியில் தொண்டை கட்டியது, பதினேழாம் வாய்ப்பாடும் எட்டாம் வாய்ப்பாடும் தானாக வாயில் வந்தன. உட்கார்ந்திருக்கும்போதே கால் பஸ்ஸில் நிற்பதுபோல் அகட்டிக்கொண்டது. மாவரைக்கும் தோள் ஒன்று, அந்த மருமகளின் அழாத கண் ஒன்று, எல்லாம் அவளுக்குள் வந்து, எது யாருடையது என்று தடவிப் பார்த்தே சொல்கிற அளவுக்கு அவளுக்குப் பழகிவிட்டது. சொன்னால் நிறுத்திவிடுவார்கள்தான். ஆனால் மீரான் காலையில் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார், டீச்சர் பாடுகிறார், பல வருஷத்துக்குப் பிறகு கண்டக்டர் பெண்டாட்டியைச் சினிமாவுக்குக் கூட்டிப்போகிறார், இதை எப்படிக் கெடுப்பது என்று வாயை மூடிக்கொண்டாள். தன்னுடையதையாவது வேறெங்காவது தள்ளலாமென்றால், யார் தலையில் தள்ளுவது?

ஹரிணிகூடத் தன் பரீட்சை அசதியைப் போட்டிருந்தாள், ஒரே ஒருவர் மட்டும் அந்த ஃபோல்டரில் எதையும் போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கைலாசத்துக்குப் போடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தேடிப் பார்த்தார், இரண்டு ஜிபிகூடத் தேறவில்லை. ஆனால் ஆபீசிலிருந்து வந்ததும் லேப்டாப்பைத் திறந்து பொது ஃபோல்டரின் அளவைப் பார்ப்பார். கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல் அங்கிருந்தே சொல்வார்.

“இன்னைக்கு அறுநூத்திப் பன்னெண்டு ஆயிட்டு, பாத்தியா.”

“ம்.”

“நேத்து அறுநூறுகூட இல்ல.”

“ஒங்களால கொஞ்சம் எடுத்துக்கிட முடியுமா?” என்று ஒருநாள் கேட்டே விட்டாள். கேட்பதற்கு இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது.

“எனக்குப் பாக்க மட்டும்தான குடுத்திருக்க. தொட விடமாட்டேங்கி” என்றார் அவர் வருத்தத்தோடு. வளவிலும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்: நான் எடுக்கமாட்டேனா, எனக்குப் பார்க்க மட்டும்தான் அனுமதி. கேட்டவர்கள் பாவம் என்றார்கள்.

செல்வியும் நம்பினாள். அன்றைக்கு ரசம் நுரைகட்டும் அவசரத்தில் எதையோ தப்பாகத் தட்டியிருக்கிறேன், எல்லாருக்கும் கொடுத்துவிட்டுக் கட்டின புருஷனுக்குக் கொடுக்காமல் விட்டிருக்கிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது. ஒருநாள் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும் என்று நினைத்து நினைத்து, அசதியில் அதைத் தள்ளிப் போட்டாள்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்ப்யூட்டரில் இடத்தைக் காட்டுகிற பட்டை கடைசிவரை சிவந்து, இடமில்லை என்றது. அரையாண்டுக் கேள்வித்தாள் பதினோரு பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டும், பாதி அடித்தது சேமிக்க மறுத்தது. ஹரிணி தோழி வீட்டுக்குப் போயிருந்தாள், அடுப்பில் பால் இருந்தது. எழுந்து போய் இறக்க வேண்டும் என்று செல்வி நினைத்தாள், நினைப்பு கால்வரைக்கும் போய்ச் சேரவில்லை. இனி எழுந்திருக்கவே முடியாது என்று அவளுக்கு விளங்கியது. பயமாக இருந்தது. சரி, கடைசியாக அவருக்கு அனுமதி கொடுத்துவிடுவோம், அவராவது கொஞ்சம் எடுக்கட்டும் என்று, கையில் மிச்சமிருந்த தெம்பையெல்லாம் சேர்த்து அந்த ஜன்னலைத் திறந்தாள்.

அதில் ஒரே ஒரு வரி இருந்தது. எவ்ரிஒன். நேரே மூன்று கட்டத்திலும் டிக். கைலாசம் என்று தனியாக ஒரு வரி இல்லை, அவருக்கு மட்டும் என்று ஒரு தடையும் இல்லை. கீழே இழுத்துப் பார்த்தாள், இழுக்க ஒன்றும் இல்லை. ஆடி மாதச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அப்படியேதான் இருந்திருக்கிறது.

பால் பொங்கியது, வழிந்தது, தீய்ந்தது.

“ஏட்டி, பால் பொங்குதுல்லா!” என்று பட்டாசாலையிலிருந்து குரல் வந்தது. ஆள் வரவில்லை. தீய்ந்த வாடைக்கு ஓடிவந்து அடுப்பை அணைத்தது பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர். பின்னாலேயே மீரானும் வந்து வாசலில் நின்றார்.

“இங்க வாங்க” என்று செல்வி கணவரைக் கூப்பிட்டாள். அந்த வீட்டில் அவள் அப்படிக் கூப்பிட்டது முதல் தடவையாக இருக்கும், அவர் வந்துவிட்டார்.

“இதை நீங்க என்னைக்காவது கட் பண்ணிப் பாத்தியளா?”

“அது வராதுல்லா.”

“பாத்தியளா?”

கைலாசம் டீச்சரைப் பார்த்தார், மீரானைப் பார்த்தார், கம்ப்யூட்டரில் இருந்த அந்த ஒற்றை வரியைப் பார்த்தார்.

“இல்ல” என்றார். “வராதுன்னு நெனச்சேன்.”

“பாக்காமலேயா?”

செல்விக்குக் கோபம் வரும் என்று டீச்சர் எதிர்பார்த்தார். வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும், அது அவளிடம் இல்லை. அழுகைதான் வந்தது, அதுவும் யாருடைய அழுகை என்று தெரியாமல், முதல் வீட்டு மருமகளுடையதுபோல் சத்தமில்லாமல் வந்தது.

“அக்கா, அது காத்துலல்லா இருக்குன்னு நெனச்சோம்” என்றார் மீரான்.

“என் இடுப்புல இருந்துச்சு அண்ணாச்சி.”

எஸ்தர் டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “எம்மா, சொல்லியிருக்கலாமே.”

“யாரும் கேக்கலியே டீச்சர்.”

அன்று முற்பகலில் அந்த வளவு வேறொன்றும் செய்யவில்லை. மோட்டார் முறை எழுதியிருந்த தகரப் பலகையைக் கழற்றி, துடைத்து, கீழ்ப்பாதியில் மீரான் துணிக்கடை எழுத்தில் அழகாக எழுதினார்: பொது ஃபோல்டர், மாதம் ஒரு வீடு, மார்கழி இரண்டாம் வீடு, தை நான்காம் வீடு என்று வரிசையாக. அசதியை அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும் என்று ஆன பிறகு வேறென்ன வழி. கண்டக்டர் மட்டும், நமக்குப் போன்தான் இருக்கிறது, இடம் பத்தாதே என்று இழுத்தார். பத்துகிற மாதிரி ஒன்று வாங்கு என்று அவர் பெண்டாட்டியே சொல்லிவிட்டாள். கார்த்திகையில் மிச்சமிருந்த நாட்களுக்கு யார் என்று வந்தபோது எல்லாரும் மூன்றாம் வீட்டைத்தான் பார்த்தார்கள்.

“எங்க வீட்டு முறைதான்” என்றாள் செல்வி. “ஆனா என்னுதுல இடமில்ல.”

கைலாசத்தின் லேப்டாப்பில் தொள்ளாயிரம் ஜிபி காலியாகக் கிடந்தது. நெற்றியில் ஒரு சுருக்கம் விழாத லேப்டாப். அவரே கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். செல்வி அதில் ஒரு ஃபோல்டரை உண்டாக்கினாள், பொது என்று பெயர் வைத்தாள், ரைட் கிளிக் கொடுத்தாள், யாருக்கு என்று கேட்டதற்கு எவ்ரிஒன் என்றாள். பிறகு தன் கம்ப்யூட்டரில் இருந்த முழங்கால்களையும் தொண்டைகளையும் தோள்களையும், டீச்சர் தவறிப்போய் இரட்டிப்பாக்கிய தன் இருபத்திரண்டு வருஷங்களையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். மேலே கணவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. கட் கொடுத்தாள். அங்கே போட்டாள். முடிய ஏழு மணி நேரம் ஆகும் என்று வந்தது.

முதல் நூறு போனதும் அவளால் எழுந்து நிற்க முடிந்தது. பாயை எடுத்து இடுக்கிலேயே விரித்தாள், பகல் பதினொன்றரை மணிக்கு, சோறு வடிக்காமல், தலையில் எண்ணெய்கூட வைக்காமல் படுத்தாள். வாசலில் பேச்சுச் சத்தம் குறைந்துகொண்டே போனது. கைலாசம் மடியில் லேப்டாப்போடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், வழக்கம்போல அளவைப் பார்த்துச் சொன்னார், இருநூறு, இருநூற்று நாற்பது, முந்நூறு. பிறகு சொல்வது நின்றுபோனது. தூக்கத்தின் ஓரத்தில் அவளுக்கு அவருடைய மூச்சு கேட்டது. ஐந்நூறைத் தாண்டும்போது அவர் அம்மா என்று மெதுவாகச் சொன்னார். அவர் அம்மாவை அவள் திருப்பிப் படுக்கப்போட்ட பதினோரு வருஷம் இப்போதுதான் அவர் தோளுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, “ஏட்டி” என்று குரல் வந்தது. பிறகு, “செல்வி. கொஞ்சம் தண்ணி.”

அவளுக்கு நன்றாகக் கேட்டது. குடம் அவர் நாற்காலியிலிருந்து நாலடி தூரத்தில், டம்ளர் கவிழ்த்தபடி இருந்தது. அந்த நாலடி எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும், எழுந்து போய்விட்டு வந்து உட்காருவதற்குள் என்னவெல்லாம் ஆகும் என்று தெரியும், எத்தனை தடவை போயிருக்கிறாள். இனி அவருக்கும் தெரியும். செல்வி சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.